பெயருக்கு வால் முளைத்த கதை

1974. கலிஃபோர்னியாவின் கடலோர ஊரான பசிஃபிக் குரோவ். அங்கே கேரி கில்டால் என்ற கணினிப் பேராசிரியர், ஃபிளாப்பி டிஸ்க்கை ஆள 'சிபி/எம்' என்ற சின்ன மென்பொருளை உருவாக்கினார். டிஸ்க்கின் பட்டியலில் ஒரு பதிவுக்கு அவர் ஒதுக்கிய இடம் 32 பைட். அதற்குள் கோப்பு எங்கே கிடக்கிறது என்ற விவரமும் அடங்க வேண்டும். ஆகவே பெயருக்கு 8 எழுத்து, வகையைச் சொல்ல 3 எழுத்து என்று அளந்து கொடுத்தார். சிக்கனத்துக்காகப் போட்ட அந்த 11 எழுத்துக் கணக்கு அவரோடு முடிந்துவிடவில்லை.

1980. சியாட்டிலில் ஒரு சிறு நிறுவனம் இன்டெலின் 8086 சிப்பை வைத்துக் கணினி செய்துவிட்டு, அதற்கேற்ற சிபி/எம் இதோ வரும், அதோ வரும் என்று காத்திருந்தது. வரவில்லை. பொறுமை இழந்த டிம் பாட்டர்சன் என்ற இளம் பொறியாளர் தாமே ஒன்றை அவசரமாக எழுதினார். சிபி/எம் புரோகிராம்களைச் சுலபமாக மாற்றிக்கொள்ள வேண்டுமே என்று பெயரின் அளவை அப்படியே வைத்துக்கொண்டார். மறு வருடம் மைக்ரோசாஃப்ட் அதை விலைக்கு வாங்கியது. 1981 ஆகஸ்டில் ஐபிஎம் பிசியோடு 'டாஸ்' என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அவசரத் தீர்வு உலகத்துக்கே சட்டமானது.

1984இல் மெக்கின்டாஷ் பிறந்தது. அதில் இடைவெளி விட்டு நீளமாகப் பெயர் வைக்கலாம். ஆனால் அந்தக் கோப்பு டாஸ் கணினிக்குப் போனதும் பெயர் வெட்டுப்பட்டது. ஒரே மாதிரி தொடங்கும் இரண்டு கோப்புகள் ஒரே பெயரில் மோதும் ஆபத்தும் வந்தது. டாஸிலும் நீளப் பெயர் வேண்டும் என்ற குரல் வலுத்தது. பட்டியலின் அமைப்பை மாற்றினாலோ, பழைய புரோகிராம்கள் அத்தனையும் படுத்துவிடும்!

விண்டோஸ் 95ஐ உருவாக்கிய பொறியாளர்களுக்கு ஒரு சந்து கிடைத்தது. பட்டியலில் ஒரு பதிவுக்கு 'படிக்க மட்டும்', 'மறைவு', 'சிஸ்டம்', 'டிஸ்க்கின் பெயர்' ஆகிய நான்கு குறிகளையும் ஒன்றாகப் போட்டால், பழைய புரோகிராம்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போயின. அந்த மறைவுப் பதிவுகளில் ஒன்றுக்கு 13 எழுத்தாக, 255 எழுத்து வரை நீளப் பெயரைத் துண்டு துண்டாக ஒளித்துவைத்தார்கள். ஆனால் பழைய புரோகிராம்களுக்கும் ஏதாவது ஒரு பெயரைக் காட்டியாக வேண்டுமே?

நீளப் பெயரின் முதல் ஆறு ஆங்கில எழுத்தை எடுத்து, பின்னால் ~1 என்று ஒட்டினார்கள். அதே ஆறு எழுத்தில் இன்னொரு கோப்பு வந்தால் ~2. அந்த வால் இப்படித்தான் முளைத்தது.

சோதனை அதோடு தீரவில்லை. டிஸ்க்கைப் பழுதுபார்க்கும் பழைய மென்பொருள்கள் மறைவுப் பதிவுகளைக் கோளாறு என்று நினைத்துத் துடைத்தன. நீளப் பெயர் அறியாத டாஸ் வழியாகக் கோப்பை நகலெடுத்தால் வால் பெயர் மட்டுமே மறுகரை சேர்ந்தது. நகலெடுக்கும் வரிசை மாறினால் ~1 என்பது ~2 ஆகவும் மாறியது.

இன்றைய பென்டிரைவ்களில் பரவலாக உள்ள ஃபேட்32 அமைப்பிலும் அதே 32 பைட் பதிவும் 11 எழுத்து இடமும் இருக்கின்றன. அதில் நீளப் பெயரோடு சேமிக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் இரண்டு பெயர்கள் உண்டு.