கால் வீக்கத்தை மதிப்பிடும் முறை: நீர்க்கோவை முதல் வெல்ஸ் மதிப்பெண் வரை

கால் வீக்கம் தனி நோயன்று, வேறொரு நோயின் அடையாளம் என்னும் தெளிவு மேலை மருத்துவத்தில் மெல்லவே வேரூன்றியது. நெடுங்காலம் உடலில் நீர் கோத்தவர்கள் அனைவரும் நீர்க்கோவை நோயாளிகள் என்றே அழைக்கப்பட்டனர். பர்மிங்காம் மருத்துவர் வில்லியம் விதரிங் 1785இல் டிஜிட்டாலிஸ் செடியைப் பற்றி எழுதிய நூல், அவர்களுள் ஒரு சாராருக்கு (இதயம் தளர்ந்தவர்கள் என்று இன்று அறிகிறோம்) மட்டுமே அம்மருந்து நீரை வடியச் செய்வதைக் காட்டியது. அடுத்த பிரிவை 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட் இனங்கண்டார். நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவத்திச் சுடரில் காட்டினால், அல்புமின் என்னும் புரதம் இருக்குமானால் அது கலங்கித் திரியும். அத்தகையோர் இறந்தபின் உடலைத் திறந்தபோது சிறுநீரகம் பழுதுற்றிருந்தது.

இவை பெரும்பாலும் இரு கால்களும் வீங்கும் நோய்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது வேறு கதை. ஆழ்சிரையில் குருதி உறைந்திருப்பது அதற்குக் காரணமாகலாம். அந்த உறைவு அங்கிருந்து பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைக்கக்கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ஹோ நிறுவினார். ஆனால் காலில் உள்ள உறைவைப் படுக்கையருகே கண்டுபிடிப்பது எப்படி? 1940களில் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ் சொன்ன அடையாளம் புகழ்பெற்றது: பாதத்தை மேல்நோக்கி வளைத்தால் கெண்டைக்கால் வலிக்கும். சிரைக்குள் சாயம் செலுத்தி எடுத்த எக்ஸ்ரே படங்களோடு ஒப்பிட்டபோது இதன் குறை வெளிப்பட்டது. உறைவு உள்ள பலருக்கு அந்த வலி இல்லை. இல்லாத பலருக்கு இருந்தது. எளிமையால் மட்டுமே அது பாடநூல்களில் இத்தனை காலம் நீடித்தது என்பது என் கருத்து.

திருப்பம் 1990களில் வந்தது. கனடாவின் ஃபிலிப் வெல்ஸும் சகாக்களும் ஒற்றை அடையாளத்தைத் தேடாமல், பலவற்றைக் கூட்டி உறைவின் வாய்ப்பைக் கணித்தனர். புற்றுநோய், அண்மைய அறுவை சிகிச்சை, சிரைத்தடத்தில் தொடுவலி என ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே நாடாவைச் சுற்றி அளக்கும்போது, மறு காலைவிட 3 செ.மீ.க்கு மேல் பருத்திருந்தால் இன்னொன்று. 2003இல் திருத்திய வடிவத்தில் 2 அல்லது அதற்கு மேல் வந்தால் உறைவுக்கு வாய்ப்பு அதிகம். குறைந்த மதிப்பெண்ணோடு, உறைவு கரைகையில் குருதியில் சேரும் துண்டுகளை அளக்கும் டி-டைமர் சோதனையும் இயல்பாக இருந்தால் அல்ட்ராசவுண்ட் தேவையில்லை. எஞ்சியோருக்குக் கருவியால் சிரையை அழுத்திப் பார்க்கிறார்கள்; உறைவற்ற சிரை தட்டையாக ஒட்டிக்கொள்ளும், உறைவுள்ளது ஒட்டாது.

நாள்பட்ட நோயாளியிடம்தான் இம்முறை சோதனைக்குள்ளாகிறது. உறைவுக்கு நிகரான வாய்ப்புள்ள வேறொரு காரணம் இருந்தால் வெல்ஸ் 2 மதிப்பெண்ணைக் கழிக்கச் சொல்கிறார். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய், இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபின் மாத்திரை ஆகிய எல்லாமே காலை வீங்கச் செய்பவை. இவற்றுள் ஒன்று இருந்தாலே கழித்துவிடும் கை எளிதில் முந்திக்கொள்ளும். ஆனால் இதயச் செயலிழப்பு உறைவுக்கும் வழிவகுக்கும். பழைய நோய் புதிய ஆபத்தை மறைத்துவிடும். முதுமையும் அழற்சியும் டி-டைமரை உயர்த்துவதால் அச்சோதனையும் அதிகம் உதவாது. நீண்ட நாள் நீரிழிவில் நரம்பு மழுங்கியவருக்கு வலியே தெரியாமலும் போகலாம்.

ஆகவே நாள்பட்ட நோயாளியின் ஒரு கால் புதிதாக வீங்கினால், பழைய கோப்பைப் புரட்டிக் காரணம் எழுதுமுன் நாடாவை எடுத்து இரு கால்களையும் அளக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் அன்றே அல்ட்ராசவுண்டுக்கு அனுப்ப வேண்டும். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அது அவசர சிகிச்சைக்குரிய நிலை.