மோகன் பாகான் கழகத்தின் மறைந்த ஆட்டக்களங்கள்

இந்தியக் கால்பந்தாட்ட வரலாற்றை எழுதுவோர் எவரும் 1911 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29 ஆம் நாளைக் குறிப்பிடத் தவறுவதில்லை. கல்கத்தாவின் மோகன் பாகான் கழகம் கிழக்கு யார்க்சயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்ற நாள் அது. இந்தியர் மட்டுமே ஆடிய ஓர் அணி அக்கேடயத்தைக் கைக்கொண்டது அதுவே முதன்முறை. பதினொருவருள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர் என்பதும், இறுதி நேரத்தில் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் கோல் அடித்தனர் என்பதும் பலமுறை எழுதப்பட்டுள்ளன. ஆயின் அவ்வாட்டம் நிகழ்ந்த களம் மோகன் பாகானுக்கு உரியதன்று. ஐரோப்பியருக்கே உரியதாயிருந்த கல்கத்தா கால்பந்துக் கழகத்தின் களம் அது. வென்ற கழகம் அதற்கு முந்தைய இருபத்திரண்டு ஆண்டுகளில் எங்கெங்கே ஆடிப் பழகியது, அந்நிலங்கள் யாருடையவை, அவை என்னவாயின என்னும் வினாக்கள் வெற்றியின் பேரொளியில் மங்கிப் போயின. அவ்விடங்களை வரிசைப்படுத்தி நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோட்டம் தந்த பெயர்

வடகல்கத்தாவின் பரியாபுகூர்ப் பகுதியில் கீர்த்தி மித்ரர் என்னும் செல்வருக்கு உரிய பளிங்கு மாளிகை ஒன்று இருந்தது. அதன் பெயர் மோகன் பாகான். 'பாகான்' என்னும் வங்கச் சொல்லுக்குத் தோட்டம் என்பது பொருள். பெங்களூரின் லால்பாக் என்னும் பெயரில் தமிழர் நன்கு அறிந்த 'பாக்' என்னும் பாரசீகச் சொல்லே இதன் மூலம். அவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்களில் இன்னொரு கூறும் கருதத்தக்கது. பரியாபுகூர், சியாம்புகூர் என்பவற்றின் ஈற்றில் நிற்கும் 'புகூர்' குளத்தைக் குறிக்கும். தோட்டமும் குளமும் நிறைந்த நிலப்பரப்பாக வடகல்கத்தா ஒருகாலத்தில் விளங்கியதை இப்பெயர்களே காட்டிநிற்கின்றன. குளங்களுக்கும் மாளிகைகளுக்கும் இடையே எஞ்சிய வெற்றிடங்களில்தான் வங்க இளைஞர்கள் ஆங்கிலேயரின் பந்தாட்டத்தைக் கற்றனர்.

மித்ரர், பாசு, சேன் ஆகிய மூன்று குடும்பத்தினரின் முயற்சியால் 1889 ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று கழகம் தொடங்கப்பெற்றது. தொடக்கக் கூட்டம் பலராம் கோஷ் தெருவிலிருந்த பூபேந்திரநாத் பாசுவின் இல்லத்தில் நடைபெற்றது. அவரே முதல் தலைவர். இப்பெயர் தமிழ்நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்ற ஒன்றாகும். 1914 இல் சென்னையில் கூடிய இந்திய தேசிய காங்கிரசு மாநாட்டிற்குத் தலைமை தாங்கியவர் இப்பூபேந்திரநாத் பாசுவே.

கூட்டம் ஒரு வீட்டில் கூடியது; ஆட்டம் மித்ரரின் தோட்டத்தில் நிகழ்ந்தது; கழகத்தின் பெயரோ தோட்டத்தின் பெயராயிற்று. ஈடன் இந்து விடுதி மாணவர்க்கு எதிரான முதல் ஆட்டமும் அம்மாளிகை நிலத்திலேயே நடைபெற்றது. முதலில் 'மோகன் பாகான் ஸ்போர்டிங் கிளப்' என்றே பெயர் சூட்டினர். முதலாம் ஆண்டு விழாவில் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ரோ என்பார், துப்பாக்கி சுடுதலோ தூண்டில் போடுதலோ இல்லாத கழகத்திற்கு 'ஸ்போர்டிங்' என்ற சொல் பொருந்தாது என்று எடுத்துரைக்க, அது 'அத்லெடிக்' என மாற்றப்பெற்றது என்பர். பெயரின் பின்பகுதியைப் பற்றி இவ்வாறு நுணுகி ஆராய்ந்தவர்கள் முன்பகுதியைத் தொடவில்லை. அது தாம் நின்ற மண்ணின் பெயராதலின் மாற்றவேண்டிய தேவை எழவில்லை போலும்.

அம்மண்ணிலேயே கழகம் நெடுங்காலம் நிலைக்கவில்லை. புரவலரின் தோட்டத்தில் ஆடும் கழகம் புரவலர் குடும்பத்தின் வசதியைச் சார்ந்தே இயங்கவேண்டும். இரண்டாண்டுகள் நிறைவதற்குள் கழகம் சியாம்புகூருக்குப் பெயர்ந்தது. அங்கு இடமளித்தவர் மகாராஜா துர்கா சரண் லாஹா. ஆக, இரண்டாவது களமும் ஒரு செல்வரின் கொடையே. பளிங்கு மாளிகை பின்னாளில் இடிக்கப்பட்டது. தோட்டம் மனைகளாகி வீடுகள் எழுந்தன. எஞ்சியிருப்பது மோகன் பாகான் லேன் என்னும் தெருப்பெயர் மட்டுமே. சென்னையில் கீழ்ப்பாக்கம் பகுதியில் தோட்டவீடுகள் மறைந்த பின்னும் 'கீழ்ப்பாக்கம் தோட்டச் சாலை' என்ற பெயர் நிலைத்திருப்பதை இதனோடு ஒப்பிடலாம்.

நகராட்சிச் சதுக்கம்

மூன்றாவது களம் சியாம் சதுக்கம். இது கல்கத்தா மாநகராட்சி அமைத்த பொதுப் பூங்கா. இங்கே மோகன் பாகான் தனித்து ஆடவில்லை. ஆரியன்ஸ் கழகமும் பாக்பஜார் கழகமும் அதே திடலைப் பகிர்ந்துகொண்டன. ஒரே திடலில் மூன்று கழகங்கள் முறைவைத்து ஆடியதன் இடர்ப்பாடு எளிதில் உணரத்தக்கது. ஆயினும் இம்மாற்றம் சிறப்பாகக் கவனிக்கத்தக்க ஒன்று. தனியொருவரின் அருளால் பெற்ற நிலத்திலிருந்து, வரி செலுத்தும் நகரமக்கள் பொதுவாகப் பெற்ற நிலத்திற்குக் கழகம் வந்துசேர்ந்தது. வடகல்கத்தாவின் ஆட்டப்பண்பாடு வளர்ந்ததும் இத்தகைய சதுக்கங்களில்தான். அருகிலிருந்த சோவாபஜார்க் கழகம் 1892 இல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் கிழக்கு சர்ரே படைப்பிரிவை வென்று, ஆங்கிலேய அணியை வென்ற முதல் இந்திய அணி என்னும் பெருமை பெற்றது. மோகன் பாகானுக்கு அத்தகைய பேறு அன்று வாய்க்கவில்லை. 1893 இல் கூச் பிகார் கோப்பையில் முதன்முதலாகக் கலந்துகொண்ட அக்கழகம் அதனை வெல்ல 1904 வரை காத்திருக்க நேர்ந்தது.

கோட்டைக்கு முன்னுள்ள வெளி

1900 இல் சைலன் பாசு செயலராகப் பொறுப்பேற்றார். படைத்துறையில் பணியாற்றிய அவர் உடற்பயிற்சியிலும் ஒழுங்கிலும் கண்டிப்பானவர். அவ்வாண்டிலேயே கழகம் வடகல்கத்தாவை விட்டு மைதானத்திற்கு வந்தது. மாநிலக் கல்லூரிக்கு அங்கிருந்த திடலைப் பகிர்ந்துகொள்ள அதற்கு இசைவு கிடைத்தது. மோகன் பாகானின் இடப்பெயர்ச்சிகளுள் பெரும் பயன் விளைத்தது இதுவே எனலாம். படைப்பிரிவு அணிகளும் ஐரோப்பியக் கழகங்களும் ஆடும் பரப்பில், அவர்கள் கண்காண ஆடும் வாய்ப்பு அப்போதுதான் கிட்டியது. பின்வந்த ஆண்டுகளின் வெற்றிகள் இதனை மெய்ப்பிக்கின்றன. 1905 இல் சின்சுராவில் நடைபெற்ற கிளாட்ஸ்டன் கோப்பை இறுதியாட்டத்தில், அதே ஆண்டின் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை வென்ற டல்ஹவுசி அணியை 6-1 என வீழ்த்தியது. 1906 முதல் 1908 வரை டிரேட்ஸ் கோப்பையைத் தொடர்ந்து மும்முறை வென்றது.

இம்மைதானம் யாது என்பதை அறிந்தாலன்றி இக்கழகத்தின் நில வரலாறு விளங்காது. 1757 இல் பிளாசிப் போருக்குப் பின் ஆங்கிலேயர் புதிய வில்லியம் கோட்டையை எழுப்பினர். பீரங்கிக் குண்டுகள் தடையின்றிப் பாயக் கோட்டையைச் சுற்றி வெளி தேவைப்பட்டது. அதற்காகக் காடு திருத்தப்பட்டது. கோவிந்தபூர் என்னும் ஊரினர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டனர். அவ்வாறு வெறுமையாக்கப்பட்ட வெளியே மைதானம். சென்னையிலும் இதனையொத்த நிகழ்ச்சி உண்டு. 1758-59 இல் லாலியின் பிரெஞ்சுப் படை கறுப்பர் நகரத்தில் தங்கிச் செயிண்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. அதன்பின் ஆங்கிலேயர் கோட்டையின் வடபால் இருந்த குடியிருப்புகளை அகற்றி எஸ்பிளனேடு எனும் வெளியை உண்டாக்கினர். அங்கு இனி எவரும் வீடு கட்டலாகாது என எல்லை வகுக்க நடப்பட்ட தூண்களுள் ஒன்று பாரிமுனையில் இன்றும் நிற்கிறது. பின்னர் அவ்வெளியின் ஒரு பகுதியில் உயர்நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. புச்சிபாபு நாயுடு 1888 இல் இந்தியர்க்கென நிறுவிய மெட்ராஸ் யுனைடெட் கிளப் ஆடத் தொடங்கியதும் அவ்வெளியிலேதான். போர்த்தேவைக்காக மக்களை அகற்றிப் பெற்ற நிலம், போர் அச்சம் நீங்கிய பின் அம்மக்களின் பெயரர்களுக்கு விளையாட்டிடமாகத் திரும்பிய விந்தை இவ்விரு நகரங்களுக்கும் பொது.

திரும்பியதும் முழுமையாக அன்று. கல்கத்தா மைதானம் அன்றும் இன்றும் படைத்துறையின் பொறுப்பில் உள்ள நிலம். அங்கு இடம்பெற்ற கழகங்கள் படைத்துறையின் இசைவின்றி நிலையான கட்டடம் எழுப்ப இயலாது. பார்வையாளர் இருக்கைகள் நெடுங்காலம் மரப்பலகைகளாலேயே அமைந்தன. கழக அலுவலகங்கள் 'டென்ட்' என்றே இன்றளவும் வழங்கப்பெறுகின்றன. நூறாண்டு கண்ட கழகத்தின் இருப்பிடத்தைக் கூடாரம் என்று அழைப்பது வெறும் வழக்காறு போலத் தோன்றலாம். உண்மையில் அது நிலவுரிமையின் நிலையைத் துல்லியமாகச் சொல்லும் சொல்லாகும்.

1911 இறுதியாட்டத்தைக் காணத் திரண்டோர் அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் வரை எனப் பலவாறாகக் கூறப்படுகிறது. வெளியூர்களிலிருந்து சிறப்பு இரயில்கள் விடப்பட்டன. மரங்களின் மீதும் மக்கள் ஏறி நின்றனர். களத்தைக் காண இயலாதோர்க்குக் காற்றாடிகளைப் பறக்கவிட்டுக் கோல் கணக்கு அறிவிக்கப்பட்டது. இத்துணை மக்களும் கூடியது ஐரோப்பியக் கழகத்தின் வேலியைச் சுற்றி. வெற்றி பெற்றோர் அன்று மாலை திரும்பியது வடகல்கத்தாவிற்கு. நினைவில் நின்றது வேலி சூழ்ந்த அக்களம். வீரர்களை ஆக்கிய சியாம்புகூரும் சியாம் சதுக்கமும் நினைவிலிருந்து நழுவின. கழகம் ஆண்டுதோறும் கொண்டாடும் மோகன் பாகான் நாளும் சூலை 29 தான். ஆகஸ்டு 15 அன்று.

களங்கள் எவ்வாறு நினைக்கப்படுகின்றன என்பதற்கு அந்தமானிலிருந்தும் ஒரு சான்று காட்டலாம். கராச்சர்மாவை அடுத்துள்ள போர்ட் பிளேர் நகரில் (2024 முதல் இதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) ஆங்கிலேயர் காலத்து ஜிம்கானா திடல் இருந்தது. பந்து என்னும் பொருளுடைய 'கேந்த்' என்ற இந்துஸ்தானிச் சொல்லடியாக 'ஜிம்கானா' பிறந்தது என்பர். அத்திடலில் 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் மூவண்ணக் கொடி ஏற்றினார். இன்று அவ்விடம் நேதாஜி விளையாட்டரங்கம் எனப் பெயர் பெற்றுள்ளது. கொடியேற்றிய ஒரு நாள் பெயராக நிலைத்தது. பந்தாடிய பல்லாயிரம் மாலைகளுக்குப் பெயர் இல்லை. கல்கத்தாவில் நிகழ்ந்ததும் ஏறத்தாழ இதுவே.

1911 இன் களத்திற்கு ஒரு பின்வரலாறு உண்டு. விடுதலைக்குப் பின் ஐரோப்பியர் தொகை குறைந்து கல்கத்தா கால்பந்துக் கழகம் நலிவுற்றது. 1960களின் முற்பகுதியில் அதன் மைதானத் திடல் மோகன் பாகானின் கைக்கு வந்தது. 1965 இல் அக்கழகம் கிரிக்கெட் கழகத்தோடு இணைந்து பாலிகஞ்சில் அமைந்தது. அதற்கு முன் மோகன் பாகான் ஈஸ்ட் பெங்கால் கழகத்தோடு பகிர்ந்து ஆடிய திடல் ஈஸ்ட் பெங்காலுக்கும் ஆரியன்சுக்கும் உரியதாயிற்று. இவ்வாறு, தான் விருந்தாளியாகச் சென்று வென்ற இடத்திலேயே மோகன் பாகான் அரை நூற்றாண்டுக்குப் பின் குடியேறியது. எனினும் பெரிய ஆட்டங்கள் அத்திடலிலும் தங்கவில்லை. 1977 செப்டம்பர் 24 அன்று பெலே இடம்பெற்ற நியூயார்க் காஸ்மாஸ் அணியுடன் 2-2 எனச் சமநிலை கண்டது ஈடன் தோட்டத்தில். 1984 இல் உப்பு ஏரிப் பகுதியில் விவேகானந்த யுவபாரதி விளையாட்டரங்கம் திறக்கப்பட்ட பின் முதன்மையான போட்டிகள் அங்கே சென்றன.

இத்தனை இடமாற்றங்களுக்கும் ஈடுகொடுத்து நின்றது பெயர் ஒன்றே. கழகச் சின்னமாகிய பாய்மரப் படகில் தோட்டத்தின் சாயல் இல்லை. 2020 இல் கழகத்தின் கால்பந்துப் பிரிவு ஏ.டி.கே. நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு 'ஏ.டி.கே. மோகன் பாகான்' எனப் பெயர் மாற்றம் பெற்றபோது, முன்னொட்டை நீக்கக் கோரி ஆதரவாளர்கள் மூன்றாண்டுகள் போராடினர். 2023 இல் அது நீக்கப்பட்டு 'மோகன் பாகான் சூப்பர் ஜயண்ட்' என்ற பெயர் அமைந்தது. அன்று கொடியேந்தித் தெருவில் நின்றோருள் பலர், தாம் காக்க முனைந்த சொற்கள் பரியாபுகூரில் இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் பெயர் என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை.