நரை தோன்றும் வயதில் மாணவரானோர்

அயல்நாடு சென்று தொண்டாற்றியோரின் வரலாற்றைப் படிக்கும்போது, அவர்கள் அங்கே கற்பித்தவற்றையே நாம் கணக்கிடுகிறோம். அவர்கள் கற்றுக்கொண்டவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கற்றலே அவர்கள் பணிக்கு அடித்தளம் என்பது, பள்ளியிலேயே வாழ்நாளைக் கழித்த எனது துணிபு. அதற்குச் சான்றாக ஜேம்ஸ் கர்ட்டிஸ் ஹெப்பர்ன், கிளாரா என்னும் அமெரிக்கத் தம்பதியரின் வரலாற்றைக் கூற விழைகிறேன்.

ஹெப்பர்ன் 1815இல் பென்சில்வேனியாவில் பிறந்தவர், மருத்துவர். 1840இல் கிளாராவை மணந்தார். மறு ஆண்டே இருவரும் சமயத் தொண்டர்களாகக் கீழை நாடுகளுக்குக் கப்பலேறினர். சிங்கப்பூரிலும் சீனத்து அமோய் நகரிலும் பணியாற்றினர். காய்ச்சல் வாட்டவே 1846இல் தாயகம் திரும்பினர். நியூயார்க்கில் மருத்துவத் தொழில் செழித்தது, செல்வம் சேர்ந்தது. ஆயினும் அந்நகரிலேயே மூன்று குழந்தைகளை நோய்க்குப் பறிகொடுத்தனர்.

அமெரிக்காவுடன் 1858இல் செய்துகொண்ட உடன்படிக்கையால் ஜப்பானின் துறைமுகங்கள் சில திறக்கப்பட்டன. இச்செய்தி கேட்டதும் இருவரும் புறப்படத் துணிந்தனர். அவருக்கு வயது 44, அம்மையாருக்கு 41. தொண்டர்கள் பெரும்பாலும் இருபதுகளிலேயே புறப்பட்ட காலம் அது. வீட்டையும் தொழிலையும் துறப்பது அவர்களுக்கு அரிதாக இருந்திராது. எஞ்சியிருந்த ஒரே மகன் சாமுவேலைப் படிப்பின் பொருட்டு அமெரிக்காவில் விட்டுச் சென்றதே பெருந்துறவு.

1859ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் கனகாவா வந்து சேர்ந்தனர். குடியிருக்கக் கிடைத்தது ஜோபுட்சுஜி என்னும் புத்தர் கோயில். கிறித்தவ சமயம் தடை செய்யப்பட்டிருந்ததால், சமயம் போதிக்க வழியில்லை. வாளேந்திய சாமுராய் வீரர்களுள் பலர் அந்நியரை வெறுத்தனர். 1862இல் நமமுகி என்னும் ஊரில் ஆங்கிலேயர் ஒருவர் வெட்டுண்டு மாண்டார். காயமுற்று ஓடி வந்த அவருடைய தோழர்களுக்கு மருத்துவம் செய்தவர் ஹெப்பர்னே. ஏழைகளுக்கென 1861இல் அவர் மற்றொரு கோயிலில் தொடங்கிய இலவச மருத்துவசாலையையும் அரசு சில திங்களில் மூடச் செய்தது.

வாய் திறக்க இயலாத அந்நாட்களில் அவர் காதைத் திறந்து வைத்தார். ஜப்பானிய மொழி கற்கத் துணையாகக் கிடைத்தவை, யேசு சபையினர் 1603இல் வெளியிட்ட போர்த்துக்கீசிய அகராதியும் 1830இல் பட்டேவியாவில் அச்சான சிறு சொற்றொகுதியும் போன்ற சிலவே. ஆகவே ஜப்பானிய ஆசிரியர்களிடம் கேட்டுக் கேட்டே சொற்களைத் திரட்டினார். கண்நோய்க்கு மருந்து நாடி வந்த கிஷிதா கின்கோ என்னும் அறிஞர், பின்னர் அவருக்கு உறுதுணையானார். எட்டாண்டு உழைப்பின் பயனாக, 20,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஜப்பானிய-ஆங்கில அகராதி 1867இல் வெளிவந்தது. அச்சிடும் வசதி ஜப்பானில் இல்லாமையால் இருவரும் ஷாங்காய் சென்று அச்சேற்றினர். ஜப்பானியர் நாவுக்கு ‘ஹெப்பர்ன்’ எளிதாக வரவில்லை; ‘ஹெபோன்’ என்றனர். அவரோ அப்பெயரையே தமதாக ஏற்றுக்கொண்டார்.

கிளாரா அம்மையாரின் பணியும் இதற்குச் சற்றும் குறைந்ததன்று. இடையில் தாயகம் சென்று திரும்பிய அவர், 1863இல் யோகோஹாமாவிலிருந்த தம் இல்லத்திலேயே ஆங்கில வகுப்புத் தொடங்கினார். அங்குப் பயின்றோருள் தகஹாஷி கொரேகியோ 1921இல் ஜப்பானின் பிரதமரானார். ஹயாஷி தடாசு பின்னாளில் வெளிநாட்டு அமைச்சரானார். மெய்ஜி காக்குயின், ஃபெரிஸ் ஆகிய இரு கல்வி நிலையங்களும் தம் தோற்றத்தை இவ்வகுப்பிலேயே காண்கின்றன.

சமயத் தடைப் பலகைகள் 1873இல்தான் அகற்றப்பட்டன. எந்த நோக்கத்தோடு வந்தனரோ அதனை வெளிப்படையாகச் செய்ய அவர்கள் 14 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அக்காத்திருப்பு வீணாகவில்லை, அக்காலத்தில் பெற்ற மொழியறிவே விவிலிய மொழிபெயர்ப்புக்கும் கருவியாயிற்று. புதிய ஏற்பாடு 1880இல் முற்றுப்பெற்றது.

1892இல், 77 வயதில், துணைவியாருடன் அவர் தாயகம் திரும்பினார். அம்மையார் 1906இலும் அவர் 1911இலும் மறைந்தனர். ஜப்பானிய ஊர்ப்பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறை இன்றும் ஹெப்பர்ன் முறை என்றே வழங்குகிறது.

அன்பு மாணவர்களே, வேற்றுமொழி கடினமென நீங்கள் சோர்வுறும் வேளையில், நாற்பத்து நான்கு வயதில் கோயில் அறையில் அமர்ந்து, முதற்சொல் தொடங்கிப் பயின்ற அம்மருத்துவரை நினைவிற் கொள்ளுங்கள்.