பினாங்கு நகராண்மைத் தேர்தலும் என் தாத்தாவின் வாக்கும்



சென்ற வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டிற்கு வந்திருந்தாள். பதினெட்டு வயது நிறைந்துவிட்டது. அடுத்த சட்டமன்றத் தேர்தலில் முதன்முறையாக வாக்களிக்கவிருக்கிறாள். "டீச்சர், நான் இன்னும் பெயர் பதியவே இல்லையே!" என்று கலங்கினாள். 2021 டிசம்பர் 15 முதல் 18 வயது நிறைந்த குடிமக்களின் பெயர் தானாகவே வாக்காளர் பட்டியலில் சேர்ந்துவிடுகிறது என்று விளக்கினேன். (பெற்றோர் கவனத்திற்கு: வீடு மாறியிருந்தால் தொகுதி மாற்றத்திற்கு நாம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.)

அடுத்து அவள் கேட்டதுதான் என்னைத் திணற வைத்தது. "எங்கள் வீட்டுக்கு முன்னால் கால்வாய் அடைத்துக்கொள்கிறதே, அதைப் பார்க்கும் மாநகர் மன்ற உறுப்பினருக்கு எப்போது ஓட்டுப் போடுவது?"

போட முடியாது என்பதே விடை. இதில் எனக்கு வெட்கமும் உண்டு. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணிக்கு வந்த புதிதில், மன்ற உறுப்பினர்களையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வகுப்பில் தவறாகச் சொல்லியிருக்கிறேன். திருத்தியவர் என் தாத்தா. "அது என் காலத்துக் கதையம்மா" என்று சிரித்தார்.

தாத்தா துறைமுகத் தொழிலாளி. பினாங்கிலேயே பிறந்தவராதலால் குடியுரிமைக்கு அலையவில்லை. கப்பலேறி வந்த அவருடைய கூட்டாளிகள் பலருக்கு அந்த வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. அவர் சொன்னதை வைத்துப் பின்னர் நான் தேடிப் படித்தேன்.

ஜார்ஜ்டவுனில் 1857-லேயே நகராண்மை அமைப்பு ஏற்பட்டு, வரி செலுத்துவோர் அதன் உறுப்பினர் சிலரைத் தேர்ந்தெடுத்து வந்தனர். 1913-இல் ஆங்கில ஆட்சி அவ்வுரிமையை நீக்கியது. மீண்டும் தேர்தல் வர 38 ஆண்டுகள் ஆயின. 1951 டிசம்பர் 1-ஆம் நாள் இங்கு நடந்ததே மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல். கோலாலம்பூருக்கு மறு ஆண்டுதான் அது வாய்த்தது. அன்று 15 இடங்களில் 9-க்கு மட்டுமே வாக்களிப்பு. அவற்றுள் ஆறினை ரேடிக்கல் கட்சி வென்றது.

1956-இல் எல்லா உறுப்பினர்களும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். மலாயாவில் வேறெந்த நகராண்மைக் கழகமும் அதற்குமுன் அந்நிலையை எட்டியிருக்கவில்லை. 1957 சனவரி 1-ஆம் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரத் தகுதி பெற்றபோது அதன் முதல் மேயராக அமர்ந்தவர் தொழிற்கட்சியின் டி.எஸ். இராமநாதன். நாடு விடுதலை பெறுவதற்கு எட்டு மாதங்கள் முன்பே, பாடாங் எதிரிலுள்ள அந்த வெள்ளைக் கட்டடத்தில் ஒரு தமிழர் மேயர்! தாத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் தாமே பதவியேற்றதுபோல் நிமிர்ந்து உட்காருவார்.

பின்னர் இந்தோனேசியாவுடன் பகைமை மூண்டது. அதைக் காரணங்காட்டி 1965 மார்ச்சில் நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலைமை சீரானதும் மீண்டும் நடத்தப்படும் என்றார் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான். மறு ஆண்டே மாநகர் மன்றத்தின் அதிகாரம் மாநில அரசின் கைக்குப் போனது. பகைமையும் 1966-இல் முடிந்தது. தேர்தல் மட்டும் திரும்பவில்லை.

இவ்விடத்தில் இன்னொரு தமிழர் வருகிறார். மேலவை உறுப்பினர் ஆதி நாகப்பன் தலைமையில் 1965-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம், ஊராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் வேண்டும் என்றே 1968-இல் அறிக்கை அளித்தது. அவ்வறிக்கை அச்சேறவே 1971 ஆயிற்று. அரசோ 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தால் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. பினாங்கு அரசு 2012-இல் தனிச் சட்டம் இயற்றிப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. இன்று மன்ற உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. ஆகவே கால்வாய்க்கான வாக்கும் சட்டமன்ற வாக்குக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. அதனால்தான், வாக்குக் கேட்டு வருவோரிடம் கால்வாயைப் பற்றியும் கேள் என்று அவளிடம் சொன்னேன்.

"இராமநாதன் பெயரில் ஒரு சாலை இருக்கிறதே டீச்சர்?" என்றாள்.

ஆம், முன்பு ஸ்காட் சாலை. இப்போது ஜாலான் டி.எஸ். இராமநாதன். நாள்தோறும் அவ்வழியாகத்தான் பேருந்தில் போய்வந்தாளாம். அந்தப் பெயர் யாருடையது என்று அவளும் கேட்டதில்லை, வகுப்பில் நானும் சொன்னதில்லை.