மலையகத்து முதியோரும் வாழ்மனையும்

இலங்கையின் புகையிரத நிலையங்களுள் மிக உயரத்தில் அமைந்தது பட்டிப்பொல. கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 6,226 அடியாகும். நுவரெலியா மாவட்டத்தின் இக்குளிர்மேட்டை அடுத்தும், அப்பால் அட்டன் வரையிலும் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. அத்தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த முதியோர், தம் இல்லத்திலேயே இறுதிக்காலத்தைக் கழிப்பதற்கு எத்தகைய உதவி வேண்டும்? இதற்கு விடை காணுமுன், அவர்தம் இல்லம் எது என்பதை அறிதல் வேண்டும்.

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்டார். அதற்கு முன்னரே, கோப்பிக் காலத்தில், தென்னிந்தியத் தமிழர் மலையேறி வந்துவிட்டனர். அவர்கள் குடியமர்த்தப்பட்ட லயத்துக் காம்பராக்கள் தோட்டத்துக்கு உரியவை. தொழிலாளிக்கு உரியவை அல்ல. வேலைக்காகவே காம்பரா வழங்கப்பட்டது. ஆகவே, வேலையை விட்ட முதியவர் பெரும்பாலும் மகன் அல்லது மகளின் பெயர் தோட்டப் பதிவில் இருந்தமையாலேயே அங்குத் தொடர்ந்து வாழ்ந்தார். முதுமையின் கூரை இளமையின் உழைப்பைத் தூணாகக் கொண்டு நின்றது.

இந்நிலையில் முதியோரைத் தாங்கியது லயத்தின் அயலுறவே. ஒரே இஸ்தோப்பை அடுத்தடுத்த குடும்பங்கள் பகிர்ந்துகொண்டமையால், ஒருவர் நோயுற்றாலும் அடுப்பு மூட்டாவிடினும் அயலார் அறிந்தனர். முதியோரும் வெறுமனே உண்டிருந்தாரல்லர். இளம்பெண்கள் கொழுந்து பறிக்கச் சென்றபோது, குழந்தைகளைப் பேணும் பணியில் பாட்டிமார் பெரும்பங்கு கொண்டனர். இதனை ஒருவருக்கொருவர் ஆற்றிய துணை என்பதே பொருந்தும்.

இத்துணையைச் சட்டங்கள் சிதைத்த காலமும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியா ஏற்பதெனவும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதெனவும் வகுத்தது. எண்ணிக்கையால் மக்களைப் பங்கிட்டபோது குடும்பங்கள் பல இரண்டுபட்டன. பெற்றோர் ஒரு கரையிலும் பிள்ளைகள் மறுகரையிலும் நின்ற இல்லங்களில் முதியோரைப் பேணுவார் யார்? எஞ்சியோரின் பிரஜாவுரிமைச் சிக்கல் தீர 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உழைப்பின் பயனாக 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதியும், 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டமும் கிடைத்தன. எனினும் இவை ஒருமுறை கைக்கு வரும் தொகைகளே. திங்கள்தோறும் வரும் ஓய்வூதியம் அல்ல. மகளின் திருமணத்திலோ பழங்கடனிலோ அத்தொகை கரைந்தால், முதியவர் மீண்டும் பிள்ளைகளின் கையையே நோக்க நேரும்.

2000 ஆம் ஆண்டில் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் நிறைவேறியது. தேசிய முதியோர் சபை அதன்வழி அமைந்தது. தம்மைப் பேணாத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கோரவும் பெற்றோருக்கு வழி பிறந்தது. ஆயின் நாட்டுக்குப் பொதுவான சேவை தோட்டத்து வாயிலைத் தாண்டுதல் எளிதாயிருக்கவில்லை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் பணிபுரியத் தடையாக நின்றது. 2018 இல் அச்சட்டம் திருத்தப்பட்ட பின்னரே பாதையும் நீரும் முதலான பொதுப்பணிகளைத் தோட்டங்களுக்குள் கொண்டுசெல்லச் சபைகளுக்கு இடமேற்பட்டது. தளர்ந்த காலுக்குச் செப்பனிட்ட படிக்கட்டும், வாயிலருகே வரும் நீருமே முதல் மருந்தன்றோ?

இந்திய உதவியுடன் எழுந்துவரும் தனிவீடுகள் இவ்வரலாற்றில் புதியதோர் அதிகாரம். 2017 மே 12 இல் நோர்வூட்டில், முன்னைய 4,000 வீடுகளுக்கு மேலாக 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. வீடு தனித்தபின் லயத்தின் அயலுறவு தானே தொடரும் என்று எண்ணிவிடுதல் தகாது. உரிமையுள்ள மனையும், கதவைத் தட்டி நலம் வினவும் அயலும் ஒருங்கே அமையுமாயின், மலையகத்து முதியவர் தம் இல்லத்திலேயே அமைதியுடன் வாழ்தல் கூடும்.