தந்திக் கம்பியில் தடைக்குறி

தொலைவிலுள்ள ஒருவர் இடைவிடாது செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போது, ‘நிறுத்துக’ என்று கேட்பவர் எவ்வாறு கூறுவது? இருப்பதோ ஒரே கம்பி. அதிலும் அனுப்புவோரின் செய்தியே ஓடுகிறது. இவ்விடர்ப்பாட்டுக்குத் தந்தியாளர் கண்ட விடை கணிப்பொறிக் காலத்திலும் நிலைத்துள்ளது.

1844 மே 24ஆம் நாள் மோர்சு வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குத் தந்தி அனுப்பிக் காட்டினார். அதன்பின் பரவிய அமெரிக்கத் தந்திக் கம்பிகளில், செய்தி இல்லாத போதும் மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரே சுற்றில் பல நிலையங்கள் இணைந்திருந்தன. கேட்பவர் தம் விசையைத் திறந்தால் சுற்று அறுபடும். அனுப்புவோரின் ஒலிப்பானும் அடங்கிவிடும். அவர் உடனே நிறுத்துவார். விட்டுப்போன சொல்லைக் கேட்டுப் பெற இதுவே வழி. இதனை ஆங்கிலத்தில் ‘பிரேக்’ என்றனர். தமிழில் தடைக்குறி எனலாம்.

தொலை அச்சுப்பொறி வந்தபின்னும் இம்முறை மறையவில்லை. 1963இல் வெளிவந்த டெலிடைப் 33ஆம் மாதிரியில் ‘பிரேக்’ என்றே ஒரு விசை உண்டு. தமிழ் எழுத்துகளுக்கு மாத்திரை அளவு இருப்பதுபோல, இப்பொறியின் எழுத்து ஒவ்வொன்றுக்கும் 11 கூறுகள் அளவு. நொடிக்கு 110 கூறுகள் செல்லும். ஆகவே ஓரெழுத்துக்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு. எவ்வெழுத்தாயினும் அதன் இறுதியில் மின்னோட்டம் மீண்டே தீரவேண்டும். அவ்வளவு கடந்தும் மீளாதாயின் அஃது எழுத்தன்று; தடைக்குறியாகும். ஆஸ்கி அட்டவணையின் 128 குறிகளுள் இதற்கு இடமில்லாமைக்கு இதுவே காரணம்.

எழுத்தல்லாமையே இதன் வலிமை. இருபுற வேகமும் பொருந்தாமல் எழுத்துகள் சிதையலாம்; நீண்ட மௌனம் சிதையாது. ஆதலின் யூனிக்சுக் கணிப்பொறிகள் இக்குறி பெற்றதும் வேகத்தை மாற்றிப் பார்த்தன. பாசிக்சு நெறிமுறை இதற்குக் கால் நொடிக்குக் குறையாமலும் அரை நொடிக்கு மேற்படாமலும் அளவு வகுத்தது.

குறையும் உண்டு. சன் நிறுவனத்தின் சேவையகங்கள் தம் கட்டுப்பாட்டுக் கம்பியில் தடைக்குறி வந்தால் இயக்கத்தை நிறுத்தி, அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும். அக்கம்பியில் இணைந்த முனையத்தின் மின்சாரத்தை ஒருவர் அணைத்தாலும் அது தடைக்குறியாகத் தோன்றக்கூடும்; பலருக்குப் பணிசெய்யும் பொறி நின்றுவிடும். ஆகவே பின்னாளில் மூன்று எழுத்துக் குறிகளை முறையாக அனுப்பினாலன்றி நில்லாத மாற்று ஏற்பாடும் செய்யப்பட்டது.

பேசுவோரைத் தடுக்கும் உரிமை கேட்போருக்கு வேண்டும். ஆயின் தற்செயலாக நேர்ந்த மௌனத்தை ஆணையெனக் கொள்ளலாகாது. கம்பியில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அவற்றைப் பிரித்தறியும் வழிகாண மோர்சு காலத்திற்குப்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.