தேன்சிட்டும் ஒல்லாந்தத் தேசாதிபதியும்

கல்முனையை அடுத்த நற்பிட்டிமுனையில், முற்றத்துச் செவ்வரத்தை பூத்துவிட்டால் வெயில் ஏறுமுன்னரே ஒரு சிறு குருவி அதனைத் தேடி வந்துவிடும். விரலளவான உடல்; வளைந்த அலகு; ஒளி பட்டால் ஊதாவும் பச்சையுமாக மின்னும் இறகு. ஆங்கிலப் படப் புத்தகங்களில் பழகிய பிள்ளைகள் அதனை ‘ஹம்மிங் பேர்ட்’ என்பர். அது பிழை. தமிழில் ஓசனிச்சிட்டு எனப்படும் அப்பறவை இன்று அமெரிக்கக் கண்டங்களிலும் அவற்றை அடுத்த தீவுகளிலும் மட்டுமே வாழ்வது. முற்றத்துக்கு வருவது தேன்சிட்டு. இரண்டும் வெவ்வேறு குலத்தன. பூந்தேன் உண்ணும் தொழில் ஒன்றே அவற்றுக்கு ஒத்த தோற்றத்தைத் தந்தது.

இந்தக் குருவி ஐரோப்பிய நூல்களில் ஏறிய கதை ஒல்லாந்தர் காலத்தது. 1638-இல் மட்டக்களப்புக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கல்முனைக் கரையும் அக்காலத்தில் மட்டக்களப்பைச் சேர்ந்ததே. அம்பாறை மாவட்டம் பிரிந்தது 1961-இல்தான். 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்தவர் யோன் கிடியன் லோட்டன். கறுவாவும் யானையுமே தேசாதிபதிகளின் கண்ணில் படும் காலத்தில், இவர் கண் பறவையின் மேலும் விழுந்தது. பீற்றர் கொர்னேலிஸ் டி பெவேர் என்ற சித்திரக்காரரைக் கொண்டு இத்தீவின் பறவைகளையும் விலங்குகளையும் வண்ணத்தில் எழுதுவித்தார். டி பெவேர் இந்நாட்டிலேயே பிறந்த கலப்பு மரபினர். லோட்டன் பின்னர் ஐரோப்பா திரும்பியபோது சித்திரங்களும் உடன் சென்றன. இலண்டனில் அறிஞர் பலர் அவற்றைப் பார்த்துப் படியெடுத்தனர். தோமஸ் பெனன்ற் 1769-இல் வெளியிடத் தொடங்கிய இந்திய விலங்கியல் நூலுக்கும் அவை உதவின.

இலங்கையைக் கண்ணாலும் காணாத சுவீடன் நாட்டு லின்னேயஸ், 1766-இல் இரு தேன்சிட்டுகளுக்கு இலத்தீன் பெயர் சூட்டினார். ஊதாப்பிட்டத் தேன்சிட்டுக்கு இத்தீவின் பெயரே கிடைத்தது: ‘சைலோனிக்கா’. நீண்டு வளைந்த அலகுடைய மற்றையது ‘லோட்டேனியா’ ஆயிற்று. பெயர் பெற்றவர் தேசாதிபதி. தூரிகை பிடித்தவர் அல்லர். அக்காலத்து வழக்கம் அது. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. லின்னேயஸ் இவற்றை ஓசனிச்சிட்டுகளோடு சேர்க்கவில்லை. மரமேறிக் குருவிகளோடு சேர்த்தார். அதுவும் சரியன்று. 1816-இல் கூவியே என்ற பிரெஞ்சு அறிஞர் தேன்சிட்டுகளுக்கெனத் தனிப் பேரினம் வகுத்தார். இலங்கையிற் பிறந்த ஜி. எம். ஹென்றி 1955-இல் தாமே படமும் வரைந்து வெளியிட்ட இலங்கைப் பறவை நூல், பொதுமக்களும் இவற்றை வேறுபடுத்தி அறிய வழி செய்தது.

ஓசனிச்சிட்டு என்றுமே பழைய உலகில் இருந்ததில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 2004-இல் அந்த எண்ணமும் மாறிற்று. தென் ஜேர்மனியிற் கிடைத்த, மூன்று கோடி ஆண்டுக்கும் மேற்பட்ட புதைபடிவம் ஒன்று ஓசனிச்சிட்டின் முன்னோடியென விளக்கப்பட்டது.

அமெரிக்காவிலே யன்னலோரத்தில் பூப்பெட்டி வைத்து, சீனிநீர்க் கண்ணாடிக் குழாய் தொங்கவிட்டு ஓசனிச்சிட்டை அழைக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் பரவியது. ஒரு பங்கு சீனிக்கு நான்கு பங்கு நீர் என்பது அங்குள்ள கணக்கு. அந்தக் குழாயை அப்படியே வாங்கிக் கல்முனைக் கரையில் தொங்கவிட்டாற் பயன் குறைவு. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்றபடியே உண்ணும், பின்னோக்கியும் பறக்கும். தேன்சிட்டோ சிறிது நேரம் சிறகடித்து நின்றாலும், காம்பைப் பற்றி அமர்ந்து உண்பதையே விரும்பும். கால் வைக்க ஒரு குச்சி வேண்டும். மேலும் இக்கரையின் வெக்கையில் சீனிநீர் விரைவிலே புளித்துவிடும். நாள்தோறும் கழுவி மாற்றாவிட்டால் விருந்தே நோயாகும். குஞ்சுக்கோ சீனி போதாது. சிலந்தியும் சிறு பூச்சியும் வேண்டும்.

ஆகவே செடியே மேல். யன்னலடியில் ஒரு சாடியில் செவ்வரத்தை, இடமிருந்தால் ஒரு வாழை, வேலியில் முள்முருக்கு: இவை போதும். வாழைப்பொத்தி மடல் விரிக்கும் நாளெல்லாம் தேன்சிட்டு வரும். செவ்வரத்தையின் வாய்வழி நுழையாமல் அடியிலே துளையிட்டுத் தேனை எடுக்கும் கள்ளத்தனமும் அதற்குண்டு. மகரந்தம் சுமக்காமலே கூலி வாங்கும் வேலை அது. ஆனால் மாமரத்துக் குருவிச்சையின் குழற்பூவில் அது நேர்மையாக வேலை செய்யும். தோட்டக்காரர் வெட்டி எறியும் அந்த ஒட்டுண்ணியை முற்றாக அழிக்காது ஒரு கிளையில் விட்டுவைப்பது குருவிக்குப் பெரிய உபகாரம்.

கதியால் வேலி இருந்த இடத்தில் சீமெந்து மதில் எழும்போது முள்முருக்குப் பூவும் போய்விடுகிறது. அப்பொழுது யன்னலோரச் சாடி வெறும் அழகுப் பொருளன்று. பறவைக்கு அதுவே வழிப்போக்கன் மடம். அச்சாடிக்குப் பூச்சிகொல்லி தெளிக்கலாகாது. அருகே சிலந்தி வலை இருந்தால் அதனையும் உடனே துடைத்துவிட வேண்டாம். பெண் தேன்சிட்டு வலைநூலைச் சேர்த்து, மரப்பட்டைத் துணுக்கும் காய்ந்த இலையும் ஒட்டி, திண்ணைக் கம்பியிலோ தாழ்ந்த கொடியிலோ தொங்குகின்ற பையொன்றைக் கட்டும். பக்கத்தில் வாயில், வாயிலுக்கு மேலே சிறு தாழ்வாரம். உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டைகள்.